மாத்தேரான் சட்டம் நம் வீட்டுக்கும் வேண்டும்

ஐரோலியில் வாழும் தமிழ்க் குடும்பத்தாருக்கு,



உங்களில் பாதிப் பேரை எனக்கு முகம் பார்த்துத் தெரியும். காலையில் தானே வண்டிக்காக நடைமேடையில் நிற்பவர்கள், மாலையில் ஸ்டேஷனுக்கு வெளியே காய் வாங்கிவிட்டுக் கறிவேப்பிலையைக் கொசுறாகக் கேட்டு வாதாடுபவர்கள், ஞாயிற்றுக்கிழமை இட்லி மாவுக்கு நிற்பவர்கள். மீதிப் பேரை சொசைட்டி வாட்ஸாப் குழுவில் தெரியும். நம்மில் பலர் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பிறந்து வளர்ந்து, அங்கே இடம் போதாமல் கடற்கழியைத் தாண்டி வந்தவர்கள். சிலர் ஐ.டி. வேலைக்காகச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் நேராக இங்கே வந்து இறங்கியவர்கள். எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

இந்தக் குளிர்காலத்தில் நாங்கள் குடும்பத்தோடு மாத்தேரான் போய் வந்தோம். என் வீட்டுக்காரர், பிள்ளைகள், ஊரிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் அத்தை, நான். அங்கே இருந்தவரை நாங்கள் ஒருவரோடு ஒருவர் இருந்தோம். இங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம், அவ்வளவுதான். இந்த வித்தியாசம் மலைக்காற்றால் வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த ஊரில் இருக்கும் ஒரு சட்டத்தால் வந்தது என்பது என் கட்சி. அந்தச் சட்டத்தை ஐரோலியின் ஒரு படுக்கையறை வீட்டுக்கும் கொண்டுவரலாம். பணச் செலவு இல்லை. ஆனால் வீட்டு ஆண்களுக்குக் கொஞ்சம் வேலை கூடும். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சுற்றுலா என்பது நமக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத விஷயம். லீவு என்றால் ஊர்தான். மே மாதம் பிறந்தால் தாதரிலிருந்து கிளம்பும் திருநெல்வேலி வண்டி, சி.எஸ்.எம்.டி.யிலிருந்து கிளம்பும் நாகர்கோவில் வண்டி, குர்லாவிலிருந்து போகும் கோயம்புத்தூர் வண்டி என்று ஏதாவது ஒன்றில் இடம் கிடைத்தாக வேண்டும். முன்பு 120 நாளுக்கு முன்னால் டிக்கெட் போடலாம். 2024 நவம்பரிலிருந்து அது 60 நாளாகிவிட்டது. காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும்போது வீட்டில் ஆளுக்கொரு போனோடு உட்காருவது நம் எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான்.

அந்த ரயில் பயணத்துக்கு ஒரு பெருமை உண்டு. ஒரு நாளுக்கு மேல் குடும்பம் முழுவதும் எதிரெதிர் இருக்கையில் உட்கார்ந்திருக்கும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி முதல் வேளைக்கு, புளியோதரை இரண்டாம் வேளைக்கு. சோலாப்பூர் தாண்டினால் சீட்டுக்கட்டு வெளியே வரும். அப்பாவால் எழுந்து எங்கேயும் போக முடியாது. போனால் கதவு வரைக்கும்தான். நம்மில் பலருக்கு அப்பாவோடு பேசிய நினைவு என்று இருப்பதே அந்த வண்டியில் பேசியதாகத்தான் இருக்கும்.

ஆனால் இறங்கியதும் கதை மாறிவிடும். ஆண்கள் திண்ணையில், டீக்கடையில், கோயில் கொடை ஏற்பாட்டில். பெண்கள் புகுந்த வீட்டு அடுப்படியில். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் காபி, நாற்பது பேருக்குப் பந்தி, பத்துப் பாத்திரம் தேய்ப்பு. ஊருக்குப் போய் வந்த களைப்பு தீர ஒரு வாரம் ஆகும் என்று எந்தப் பெண்ணும் சொல்லக் கேட்கலாம். ஊருக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. அது கடமை, உறவு, வேர். ஓய்வு மட்டும் அதில் இல்லை. அதனால்தான் இந்த முறை பக்கத்திலேயே போனோம்.

மாத்தேரான் நமக்கு எவ்வளவு பக்கம் என்பது பலருக்குத் தெரியாது. ஐரோலியில் ஏறினால் திகா காவ், அடுத்தது தானே. அங்கே கர்ஜத் லோக்கல் பிடித்தால் கல்யாண், அம்பர்நாத், பதலாப்பூர் தாண்டி நேரல். நேரலில் மலை ரயில். 1850-ல் தானே கலெக்டராக இருந்த மாலெட் என்ற ஆங்கிலேயர் கண்ணில் பட்டு கோடை வாசஸ்தலமாக வளர்ந்த ஊர் அது. ஆதம்ஜி பீர்பாய் குடும்பம் சொந்தப் பணத்தைப் போட்டு 1907-ல் மலை ரயிலை ஓட்டியது. இரண்டடி அகலத் தண்டவாளம். சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தை ஏறி முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். 2019 மழையில் பாதை அரித்துப் போய் நின்ற வண்டி, 2022 அக்டோபரில்தான் நேரலிலிருந்து மறுபடி கிளம்பியது. மழைக்காலத்தில் கீழ்ப்பகுதியில் ஓடாது, விசாரித்துக்கொண்டு போங்கள்.

சட்டம் என்று சொன்னேனே, அது இதுதான். மாத்தேரானுக்குள் மோட்டார் வண்டி வரக் கூடாது. கார், பைக், ஆட்டோ எதுவும் கிடையாது. மத்திய அரசு 2003-ல் அந்த ஊரைச் சூழல் உணர்திறன் மண்டலமாக அறிவித்து, பழைய தடையை இன்னும் இறுக்கியது. காரில் வருகிறவர்கள் தஸ்தூரி நாகாவில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே நடக்க வேண்டும், அல்லது குதிரை, அல்லது அங்கிருந்து ஓடும் சிறிய ரயில். எவ்வளவு பெரிய காராக இருந்தாலும் நாகாவோடு சரி. ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் மட்டும் விலக்கு. அண்மைக் காலமாக, நீதிமன்ற அனுமதியோடு, கொஞ்சம் மின்சார ரிக்‌ஷாக்கள் ஓடுகின்றன.

இந்த ஒரு சட்டத்தால் என்னவெல்லாம் நடக்கிறது பாருங்கள். சிவப்பு மண் பாதையில் எல்லோரும் நடந்தாக வேண்டும். அத்தைக்கு முழங்கால் வலி, ஆகவே எல்லோரும் அத்தையின் வேகத்தில் நடந்தோம். ஒரு நாளில் ஒரு வியூ பாயிண்டுக்கு மேல் பார்க்க முடியவில்லை. பார்க்க முடியாததால் பட்டியல் போட்டு ஓடவும் இல்லை. பிள்ளைகள் முன்னால் ஓடிவிட்டு, குரங்குக்குப் பயந்து திரும்பி வந்து ஒட்டிக்கொண்டார்கள். வேகமாகப் போக வழியே இல்லாத ஊரில் யாருக்கும் யார் மேலும் எரிச்சல் வரவில்லை.

மலை ரயிலில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வண்டி வழியில் ஒரு ஸ்டேஷனில் நிற்கும், பெயர் வாட்டர் பைப். என் மகன் பலகையில் இருந்த மராட்டியைத் திக்கித் திக்கிப் படித்துவிட்டு அப்பாவிடம் கேட்டான்: “நீங்க ஸ்கூல்ல மராட்டி எந்த கிளாஸ்லேருந்து படிச்சீங்க?”

“எங்களுக்குத் தமிழ் மீடியம்டா. மராட்டி ஒரு பாடம்.”

“பம்பாய்லயா? தமிழ் மீடியமா?”

தாராவி மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் தன் அப்பா படித்தார் என்பது அவனுக்குத் தெரியாது. அப்படி ஒரு பள்ளி உண்டு என்பதே தெரியாது. வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது, இறங்கி ஓட இடமில்லை, சிக்னல் எப்போதோ போய்விட்டது. அவர் சொல்ல ஆரம்பித்தார். மழைக்காலத்தில் சாக்கடைத் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனது, அறுபதடி சாலையைக் கடக்கும்போது அக்கா கையைப் பிடித்துக்கொண்டது, நாலாம் வகுப்பு வாத்தியார் தன் டிபனில் பாதியைக் கொடுத்தது, எட்டாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு மாறி ஒரு வருடம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தது. நானே கேட்டிராத கதைகள் அதில் இருந்தன. கடைசியில் பையன் கேட்டான்: “இதெல்லாம் ஏம்ப்பா முன்னாடியே சொல்லல?” அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: “யாரும் கேக்கலியே.”

வீட்டிலும் அதே அப்பாதான், அதே பிள்ளைதான். கேட்க நேரம் இல்லை என்பது உண்மையில்லை. இரவு உணவுக்குப் பின் எல்லோரும் எதையோ ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். எழுந்து போய்விடலாம் என்ற வசதி இருக்கும் இடத்தில் பேச்சு வளர்வதில்லை. பேச்சு கொஞ்சம் சலிப்புத் தட்டும்போது கை தானாகப் போனைத் தேடும். சலிப்பைத் தாண்டினால்தான் தாராவிப் பள்ளி வரும். மாத்தேரானில் அந்தச் சலிப்பைத் தாண்ட வேறு வழி இல்லாமல் தாண்டினோம்.

நம் பெற்றோர் காலத்தில் இது ஒரு பிரச்சினையாகவே இருந்திருக்காது. தாராவியில் ‘கோலி’ என்ற ஒற்றை அறை. சமையல், படிப்பு, தூக்கம், விருந்தாளி எல்லாம் அதற்குள்தான். மாட்டுங்காவில் கொஞ்சம் வசதியாக இருந்தவர்கள் வீட்டிலும் ஹாலில் பத்துப் பேர் படுத்திருப்பார்கள். அது பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. குழாயடிச் சண்டையும் கழிப்பறை வரிசையும் கண்டவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தனியாக ஓர் அறை, கதவு, தாழ்ப்பாள் வேண்டும் என்றுதான் பெற்றவர்கள் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்தார்கள். சிட்கோ கட்டிய வீடோ தனியார் கட்டிய வீடோ, ஐரோலியில் அது நமக்குக் கிடைத்தது. கதவு வந்தது நல்லது. கதவுக்குள் போனும் வந்தபோது, கதவைத் திறந்தே வைத்தாலும் ஆள் வெளியே வராத நிலை வந்துவிட்டது. பத்துக்குப் பத்து அறையில் தவிர்க்க முடியாமல் கிடைத்ததை இனி நாமாக ஏற்பாடு செய்துதான் பெற வேண்டும்.

‘இனிமேல் போனைக் குறைத்துக்கொள்கிறேன்’ என்று தீர்மானம் எடுப்பது பயன் தராது. ஜனவரி முதல் தேதி தீர்மானங்கள் பொங்கலைத் தாண்டுவதில்லை என்பது நமக்குத் தெரியும். மாத்தேரானில் யாரும் ‘நான் இன்று காரைக் குறைத்துக்கொள்கிறேன்’ என்று மனதைக் கட்டுப்படுத்திக்கொண்டு வருவதில்லை. கார் நாகாவில் நிற்கும், அவ்வளவுதான். தஸ்தூரி நாகா தூரத்தில் எதற்கு, நம் வீட்டு வாசலிலேயே ஒன்று இருக்கிறது. செருப்பு கழற்றும் இடம். செருப்போடு உள்ளே வர நமக்கு எவ்வளவு அவசரமானாலும் கால் வராது. அதற்கு மனவுறுதி தேவைப்படுவதில்லை. போனுக்கும் அந்த இடத்தையே கொடுத்தால் போதும். செருப்பு அலமாரி மேல் ஒரு எவர்சில்வர் தட்டு. இரவு எட்டிலிருந்து ஒன்பதரை வரை வீட்டில் இருக்கும் போன் எல்லாம் அதில். பெரியவர்கள் போன் முதலில், பிள்ளைகளின் போன் பிறகு. இந்த வரிசை முக்கியம். அப்பா கையில் போனை வைத்துக்கொண்டு பிள்ளையிடம் ‘வை’ என்று சொல்லும் வீட்டில் எந்தச் சட்டமும் நிற்காது.

விலக்கு வேண்டும்தான். மாத்தேரானிலும் ஆம்புலன்ஸ் உள்ளே போகிறது. ஊரில் தனியாக இருக்கும் அம்மா அப்பாவின் எண், பிள்ளை டியூஷன் போயிருந்தால் அந்த எண், மாடியில் இருக்கும் நெஞ்சுவலிக்காரரின் வீட்டு எண். இவற்றுக்கு மட்டும் சத்தம் வைத்துவிட்டு மற்றதையெல்லாம் ஊமையாக்கலாம். எல்லாப் போனிலும் அந்த வசதி இருக்கிறது. ஊரிலிருந்து அழைப்பு வந்தால் ஒலிபெருக்கியில் போட்டு எல்லோரும் பேசுங்கள். ஒரு மூலைக்கு எடுத்துப் போகாமல் கூடத்தில் பேசினால் பாட்டியும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகிவிடுவாள்.

‘எட்டு மணி எங்களுக்கு ஒத்துவராது’ என்று மைண்ட்ஸ்பேஸ் ஐ.டி. வளாகத்தில் வேலை பார்ப்பவர்கள் சொல்வீர்கள். என் வீட்டிலேயே அந்த வாதம் வந்தது. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்குக் குளிர்காலத்தில் இரவு 7.30, கோடையில் 6.30. அவர்கள் காபி குடித்துவிட்டு வேலையை ஆரம்பிக்கும் நேரமும் நாம் தட்டெடுத்து வைக்கும் நேரமும் ஒன்று. தானே–பேலாப்பூர் சாலையில் இரவு முழுவதும் ஓடும் கம்பெனி வண்டிகளில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியும். அவர்களுக்கு மாலை கிடைக்காது என்பது உண்மை. அப்படியானால் காலையை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும் அந்த முக்கால் மணி நேரம். ஷிப்ட் முடிந்து வந்து தூங்கப் போகுமுன் தலைவாரிவிட்டு, டப்பா கட்டிக் கொடுத்து, பஸ் நிற்கும் இடம் வரை நடந்துவிட்டு வாருங்கள். எந்த நேரம் என்பது வீட்டுக்கு வீடு மாறலாம். தினம் அதே நேரம், எல்லோருக்கும் தெரிந்த நேரம் என்பதுதான் மாறக் கூடாது.

இதுவரை சொன்னதற்கு எல்லோரும் தலையாட்டுவீர்கள். இனிச் சொல்வதற்குத்தான் சிலர் முகம் சுளிப்பீர்கள்.

மாத்தேரானில் நாங்கள் தங்கிய இடத்தில் சாப்பாட்டோடு சேர்த்து வாடகை. முதல் நாள் மதியம் அத்தை இலைக்கு முன்னால் உட்காருவது போலத் தட்டுக்கு முன்னால் சம்மணமிடப் பார்த்தார், நாற்காலி என்பதால் முடியவில்லை. பரிமாறுகிறவர் பருப்பு, பாக்ரி, காய் என்று வைத்துக்கொண்டே வந்தார். இரண்டாம் முறை சோறு வைத்தபோது அத்தை என் காதில் சொன்னார்: “ஒருத்தர் வெளம்பி நான் உக்காந்து திங்க எம்புட்டு வருசமாச்சு.” எழுபது வயதைத் தாண்டியவர். கல்யாண வீட்டில்கூடக் கடைசிப் பந்தியில் சாப்பிடுகிறவர். நானும் அங்கே காலைக் காபியை ஆறுவதற்குள் குடித்தேன். ஒரு நாள் மதியம் தூங்கினேன். சிடுசிடுக்காமல் பிள்ளைகளோடு விளையாடினேன். ‘மலைக்கு வந்ததும் அம்மா ஜாலியாகிட்டாங்க’ என்றாள் மகள்.

அம்மா ஜாலியானதற்குக் காரணம் மலை இல்லை. மூன்று வேளைச் சமையல், பாத்திரம், துணி, மறுநாளைக்கு என்ன என்ற கணக்கு, இதெல்லாம் அவள் தலையிலிருந்து இறங்கி, நாங்கள் காசு கொடுத்த வேறொருவர் தலைக்குப் போயிருந்தன. சுற்றுலாவில் கிடைக்கும் ஓய்வை யாரோ ஒருவர் சுமக்கிறார். மாத்தேரானில் அது கண்ணுக்கு நேரே தெரியும். வண்டி வராத ஊரில் பெட்டி தானாக மலையேறாது, ஒருவர் தலைமேல் ஏறும். நடக்க முடியாதவரை உட்காரவைத்து மனிதர்கள் இழுத்துப் போகும் கை ரிக்‌ஷா அந்த ஊரின் பழைய ஏற்பாடு. மனிதனை மனிதன் இழுப்பதை ஆறு மாதத்துக்குள் நிறுத்தி, இழுத்தவர்களுக்கே மின்சார ரிக்‌ஷா கிடைக்க வழிசெய்யுங்கள் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சுற்றுலா வருகிறவரின் வசதி ஒருவர் முதுகில் இருக்கக் கூடாது என்று சொல்ல நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் தேவைப்பட்டது.

நம் வீட்டு வசதி யார் முதுகில் இருக்கிறது? 2019-ல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் கை வைத்த பெண்கள் நூற்றுக்கு 81 பேர், ஆண்கள் நூற்றுக்கு 26 பேர். கை வைத்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம். 2024-ல் மறுபடி எடுத்தபோது பெண்களின் கணக்கு 289 நிமிடமாக இருந்தது. ஐந்து வருடத்தில் பத்து நிமிடம்தான் குறைந்திருக்கிறது. குக்கர் மூன்று விசில் விடும் நேரம்.

2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் வாரத்துக்குத் தொண்ணூறு மணி நேர உழைப்பைப் பற்றிப் பேசியதும், வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேட்டதும் நினைவிருக்கும். நம் பில்டிங் குழுவிலும் நாலு நாள் அதே பேச்சு. எல்லோரும் கோபப்பட்டோம். ஆனால் அந்தக் கேள்வியில் இருந்த நினைப்பு அவர் ஒருவருடையது இல்லை. வீட்டில் இருக்கும் ஆணுக்குப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது என்பது நம் பெரும்பாலான வீடுகளின் நினைப்பு. வீட்டில் முகம் மட்டுமா இருக்கிறது? அந்த 289 நிமிடமும் அங்கேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்று தெரியாதவர்கள் அதில் பாதியை எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே அப்பாக்களே, போனைத் தட்டில் வைத்துவிட்டுச் சோபாவில் உட்கார்ந்து ‘நான் வந்துட்டேன், எல்லாரும் வாங்க பேசலாம்’ என்றால், பேச வேண்டியவள் அடுப்படியில் நின்றுகொண்டிருப்பாள். நீங்கள் அங்கே போக வேண்டும். வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசுங்கள். பேச்சுக்கு அதைவிட நல்ல இடம் நான் கண்டதில்லை. கண்கள் வேறெங்கோ இருக்கும், கை வேலையாக இருக்கும், வாய் தானாகத் திறக்கும். மலை ரயிலில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசியது போலத்தான். ‘உதவட்டுமா’ என்று கேட்காதீர்கள். ஒரு வேலையை முழுசாக உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். ராத்திரிப் பாத்திரம் உங்களுடையது என்றால், சோப்பு தீர்ந்துபோவதைக் கவனிப்பதும் உங்களுடையது. ஞாயிறு காலை டிபன் உங்களுடையது என்றால், சனிக்கிழமை உளுந்து ஊறப்போட ஞாபகம் வைப்பதும் உங்களுடையது.

இன்னொரு விதியையும் நாங்கள் நடைமுறைப்படுத்தியிருக்கிறோம். சமைத்தவர் உட்காரும்வரை யாரும் சாப்பிடத் தொடங்குவதில்லை. கேட்கச் சின்ன விஷயம். இதனால் தோசை எங்கள் வீட்டில் இரவு உணவிலிருந்தே கிட்டத்தட்ட விடைபெற்றுவிட்டது. ஒருவர் நின்று ஊற்ற மற்றவர்கள் சுடச்சுடச் சாப்பிடும் பண்டம் அல்லவா அது. தோசை வேண்டும் என்றால் ஆளுக்கு இரண்டு ஊற்றிவிட்டுக் கரண்டியை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். என் மகள் ஊற்றும் தோசைக்கு வட்டம் வருவதில்லை, பரவாயில்லை. முதல் வாரம் அத்தை ஒத்துக்கொள்ளவே இல்லை. “ஆம்பளைய காக்க வைக்கக் கூடாது” என்றார். இப்போது அவர்தான் பேரனைப் பார்த்து “அம்மா உக்காரட்டும்லே” என்கிறார்.

அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. வேலையைக் கொடுத்தால் கொடுத்ததுதான். அவர் துடைத்த மேடையை மறுபடி துடைக்காதீர்கள். அவர் மடித்த துணியைப் பிரித்து மடிக்காதீர்கள். உப்புக் கூடினால் கூடட்டும். நம் கையில் இருக்கும் அந்த ஒரு ராஜ்யத்தை விட்டுக்கொடுக்க நமக்கும் மனசு வருவதில்லை என்பது நமக்குள் இருக்கட்டும். ராத்திரி சீரியலும் ரீல்ஸும் அந்தத் தட்டில் சேரும் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வீட்டில் முதியவர்கள் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அந்த முதியவர்களிடம் ‘சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா’ என்பதைத் தவிர நாம் எதுவும் கேட்பதில்லை. பம்பாய்க்கு எந்த வண்டியில் வந்தீர்கள், முதல் சம்பளம் எவ்வளவு, அதில் என்ன வாங்கினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். தோல் பதனிடும் வேலைக்கும் ஆலை வேலைக்கும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியை உருவாக்கியவர்களின் கதை எந்தப் பாடப் புத்தகத்திலும் நம் பிள்ளைகளுக்கு வராது. சொல்லக்கூடியவர்கள் நம் கூடத்தில் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெளியே போகத்தான் வேண்டும் என்றால் மலைகூட வேண்டாம். நம் ஐரோலியிலேயே, வனத்துறையின் கடலோரப் பல்லுயிர் மையத்திலிருந்து கடற்கழிக்குள் படகில் அழைத்துப் போகிறார்கள். குளிர்காலத்திலிருந்து கோடை வரை பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும் இடம். 2015-ல் சரணாலயமாகி, 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. முலுண்டுக்குப் பாலத்தில் பறக்கிறபோது எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறோம், இறங்கிப் போனவர்கள் கொஞ்சம். படகு நாம் நினைத்த நேரத்துக்குக் கிளம்பாது. ஓதம் ஏறும்போதுதான் கிளம்பும், அந்த நேரமோ தினம் தினம் மாறும். ஒரு ஞாயிறு காலை ஆறரைக்கே போகச் சொல்வார்கள், இன்னொரு ஞாயிறு உச்சி வெயிலில். கடலின் நேரத்துக்கு வீடு முழுவதும் எழுந்து கிளம்புவது நல்ல பயிற்சி. அலையாத்திக் காட்டுக்கு நடுவே படகில் உட்கார்ந்தபின் யாரும் எங்கேயும் எழுந்து போக முடியாது என்பது கூடுதல் லாபம்.

கடைசியாக, நம்மில் மேலாளர்களாக இருப்பவர்களிடம் ஒரு கோரிக்கை. வேலை நேரம் முடிந்தபின் வரும் அழைப்பை எடுக்காமலிருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017-லேயே சட்டமாக்கிவிட்டது. ஆஸ்திரேலியா 2024-ல் கொண்டுவந்தது. நம் மகாராஷ்டிரத்தின் சுப்ரியா சுலே 2018-ல் அதே நோக்கத்தோடு மக்களவையில் ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். தனிநபர் மசோதாக்களுக்கு வழக்கமாக நேர்வதுதான் அதற்கும் நேர்ந்தது, சட்டமாகவில்லை. தில்லியில் சட்டம் வரும்வரை உங்கள் டீமுக்கு நீங்கள்தான் சட்டம். உங்கள் தட்டில் போனை வைப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் ‘நாளைக்குள் முடித்துவிடு’ என்று நீங்கள் அனுப்பும் செய்தி, கன்சோலியிலோ கோபர்கைர்ணையிலோ இன்னொரு வீட்டின் சாப்பாட்டு நேரத்தில் போய் விழுகிறது. எழுதுவதை எழுதுங்கள், காலை ஒன்பதுக்குப் போகும்படி நேரம் வைத்து அனுப்புங்கள். சொசைட்டிக் கமிட்டியில் இருப்பவர்களும் ஞாயிறு மாலைக் கூட்டத்தைச் சனிக்கு மாற்றலாம். தண்ணீர் டாங்க் பிரச்சினை ஒரு நாள் முன்னதாகப் பேசினாலும் தீரும்.

மாத்தேரானுக்கு எல்லோராலும் போக முடியாது. லீவு இருக்காது, காசு இருக்காது, படுத்த படுக்கையாக ஒருவர் வீட்டில் இருப்பார். போகாதவர்கள் எதையும் இழந்துவிடவில்லை என்று சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன். அங்கே எங்களைச் சேர்த்து வைத்தவை இரண்டே விஷயம். வேகத்துக்கு ஒரு எல்லை இருந்தது, வேலை ஒருத்தியின் தலையில் மட்டும் இல்லை. இரண்டுக்கும் ரயில் டிக்கெட் வேண்டாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்குத் தொடங்கிப் பாருங்கள். செருப்பு அலமாரி மேல் ஒரு தட்டு, அடுப்படியில் கூடுதலாக ஒரு ஜோடிக் கை. ஒரு மாதம் நடத்திப் பார்த்துவிட்டு, பயனில்லை என்றால் ஸ்டேஷனில் பார்க்கும்போது முகத்துக்கு நேரே சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பயன் இருந்தால் என்னிடம் சொல்ல வேண்டாம். பக்கத்து வீட்டில் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஐரோலிக்காரி